மெஷினம்மா போட்ட கையெழுத்து

வார்டுக்குள் நுழைந்ததும் அவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அங்கே நிற்கும் மெஷினின் முதுகுப் பக்கமாகக் கையை விட்டு, புறங்கையைக் காற்றுத் துளைகளுக்கு எதிரே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறார். உள்ளே விசிறி சுற்றுகிறதா, காற்று சூடாக வருகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் புறங்கைக்குத் தெரிந்துவிடும். பிறகு குனிந்து, தரையில் ஓடும் வயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் போகிறார். மெஷினின் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய செல்போன் சார்ஜராவது தொங்கிக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் கையில் கொடுக்கிறார்.

"போனுக்கு மூச்சு முட்டினா தாங்கும். இதுக்கு முட்டினா தாங்காதுங்க."

இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற வாக்கியத்துக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

அவருடைய பதவிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு: மருத்துவக் கருவிகள் மேலாண்மைப் பிரிவின் தலைவர். அறைக் கதவில் அந்தப் பெயர்ப் பலகை இருந்தது. அதை முழுதாக வாசித்தவர்கள் குறைவு. ஆறு மாடி ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கும் லிப்ட் ஆபரேட்டருக்கும் துணி வெளுக்கிறவர்களுக்கும் அவர் மெஷினம்மா. டாக்டர்கள் எதிரே 'மேடம்' என்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் அவர்களுக்கும் மெஷினம்மாதான். வயது ஐம்பத்தைந்து. அதில் முப்பத்தொரு வருடத்தை இந்தக் கட்டடத்துக்குள்ளேயே கழித்திருக்கிறார்.

அவருடைய அறை தரைக்குக் கீழே, சலவைக்கூடத்துக்கு அடுத்தது. தலைக்கு மேலே நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. உயரமான ஆட்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று பக்கச் சுவரிலும் இரும்பு அலமாரி. அதில் திரை கறுத்துப்போன மானிட்டர்கள், சளி உறிஞ்சும் மோட்டார்கள், கழற்றி வைத்த பேட்டரிகள் எல்லாம் வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல வரிசையாகக் காத்திருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. அட்டையில் 'பழுது' என்று அவர் எழுத மாட்டார். 'உடம்பு சரியில்லை' என்று எழுதுவார். அது வேடிக்கைக்காக ஆரம்பித்த பழக்கமாம். இப்போது வேடிக்கை போய்விட்டது, பழக்கம் மட்டும் இருக்கிறது.

"இவன் நடிக்கறான்," என்பார் ஒரு மெஷினைத் தட்டி. "வார்டுல இருக்கறப்ப கத்துவான். இங்க கொண்டுவந்தா ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி இருப்பான்."

இன்னொன்றைக் காட்டி, "இவருக்கு வயசாயிடுச்சு. விட்டுடுங்கன்னு சொன்னா டாக்டருங்க விட மாட்டேங்கறாங்க."

அவருடைய வேலை ஸ்குரூ டிரைவர் வேலை என்று வெளியே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்குரூ டிரைவரை அவர் எடுப்பதே வாரத்தில் இரண்டு நாள்தான். எந்த வார்டுக்கு எந்த மெஷின் வேண்டும், அதை எங்கே வாங்குவது, வாங்கினால் வைக்க இடமிருக்கிறதா, மின்சாரம் தாங்குமா, யார் சொல்லிக்கொடுப்பது, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை சோதிப்பது, எப்போது 'போதும்' என்று சொல்லித் தூக்கிப்போடுவது என்று இரண்டாயிரத்து முன்னூறு கருவிகளின் பிறப்பும் வாழ்வும் சாவும் அவர் மேஜைக் காகிதங்களில் ஓடுகின்றன. "படிச்சது எலக்ட்ரானிக்ஸ். பாக்கறது பாதி கல்யாணத் தரகர் வேலை, பாதி பிணவறை வேலை," என்பது அவர் கணக்கு.

அலமாரியின் மேல் தட்டில் யாரோ தூர தேசத்து நல்ல மனசுக்காரர்கள் அனுப்பிவைத்த மெஷின்கள் இருக்கின்றன. பிளக் இங்கே எந்தச் சுவரிலும் பொருந்தாது. கூடவே வந்த புத்தகம் யாருக்கும் தெரியாத பாஷையில் இருக்கிறது. தூக்கிப்போடவும் முடியாது, கொடுத்தவர்கள் திடீரென்று பார்க்க வந்துவிடுவார்கள். "வீட்டோட வந்து உக்காந்துட்ட மாப்பிள்ளை மாதிரி," என்பார் அவற்றை அண்ணாந்து பார்த்து. "வேலையும் தெரியாது, பேசவும் தெரியாது. கிளம்புங்கன்னும் சொல்ல முடியாது."

அவர் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "நான் ஊர்க்காரங்க கண்ணைப் பாக்கறேன், அவ ஆஸ்பத்திரி மெஷினைப் பாக்கறா. வீட்டை யாரு பாக்கறதுன்னுதான் தெரியல," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் பிரிட்ஜ் கதவு கொஞ்சம் திறந்திருந்து 'பீப்' என்று கத்தினால், அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவி எழுந்து நின்றுவிடுகிறார் என்பது அவர் சிரிக்காமல் சொல்கிற விஷயம். கண் திறப்பதற்கு முன்பே கால் தரையில் இருக்குமாம். நாத்தனாரோ அண்ணி பெரிய இன்ஜினீயர் என்ற பெருமையில் மாதம் ஒரு முறை போன் செய்வாள்.

"அண்ணி, எங்க வீட்டு வாஷிங் மெஷின் ஒரு மாதிரி கத்துது."

"கத்தினா நல்லதும்மா. கத்தாம நின்னுச்சுன்னா போன் பண்ணு."

கத்தாமல் நிற்பதுதான் அவருக்குப் பயம். கத்துகிற மெஷின் தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது. வாயைத் திறக்காமல் தப்புச் செய்கிற மெஷின் எப்படியிருக்கும் என்று போன வருடம் அவர் பார்த்துவிட்டார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. நாலாவது வார்டு, இதய நோயாளிகள் இருக்கிற இடம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே மூன்று நாளாகப் படுத்திருந்தார். நெஞ்சு தறிகெட்டு அடிக்கிறது, அதை அடக்க ஒரு மருந்து. நரம்பு வழியாக, ஒரு மணி நேரத்துக்குப் பத்து மில்லி என்று, மருந்து பம்ப் மூலமாகப் போக வேண்டும். பம்ப் என்பது ஒரு செங்கல் அளவுள்ள பெட்டி. அதன் கதவைத் திறந்து மருந்துக் குழாயைப் பதித்து மூடினால், உள்ளே இருக்கும் சின்ன விரல்கள் குழாயை அழுத்தி அழுத்தி, சொன்ன அளவுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்தைத் தள்ளும். காலை ஒன்பதரைக்கு நர்ஸ் புதுப் பையை மாட்டினாள். பத்து மணி நேரம் வர வேண்டிய பை அது. பத்தரைக்குத் திரும்பிப் பார்த்தபோது காலியாகத் தொங்கியது. பெரியவரின் உதடு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. நாடி நாற்பதுக்கும் கீழே.

ஓடினார்கள், தூக்கினார்கள், தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அந்த அவசரத்தில் யாரோ பம்பை அணைத்துவிட்டார்கள். திரையில் என்ன எண் இருந்தது என்று பார்த்தவர் யாருமில்லை. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு: பத்து என்று அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது, நூறு போட்டுவிட்டாள். நடக்கக்கூடிய தப்புதான். வேறு ஆஸ்பத்திரிகளில் நடந்தும் இருக்கிறது. அந்த நர்ஸுக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். அதிர்ந்து பேசாத பெண். "நான் பத்துதான் போட்டேன்," என்று முதலில் சொன்னாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டபோது பேசாமல் இருந்தாள். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, அன்று மாலையே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பம்ப் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு கீழே வந்தது. மெஷினம்மாவுக்கும் முதலில் தோன்றியது பூஜ்யம்தான். இதை அவர் மறைப்பதில்லை. "நானும்தான் அந்தப் பொண்ணு மேல சந்தேகப்பட்டேன். ஊர்ல எல்லாரும் சொன்னா நம்ம புத்தியும் அந்தப் பக்கமே போகுது," என்கிறார். பம்புக்குள் ஒரு ஞாபகப் பகுதி உண்டு. எந்த நேரத்தில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று அது குறித்து வைத்திருக்கும். சும்மா ஒப்புக்குப் பார்த்துவிடலாம் என்று திறந்தார். ஒன்பது இருபத்தெட்டு: ஒன்று. பிறகு பூஜ்யம். பிறகு 'ஆரம்பி'. அவ்வளவுதான். இரண்டாவது பூஜ்யம் இல்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். தண்ணீர்ப் பை மாட்டி, குழாயின் மறுமுனையை அளவுக் குடுவையில் விட்டு, பம்பை மேஜைமேல் வைத்து ஓட்டினார். ஒரு மணி நேரம் கழித்துக் குடுவையில் பத்து மில்லி இருந்தது. தலைமுடி அளவுகூட வித்தியாசமில்லை. இன்னொரு மணி நேரம் ஓட்டினார். மறுபடியும் பத்து.

மெஷின் நன்றாக இருக்கிறது, நர்ஸும் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். அப்படியானால் பை எப்படி ஒரு மணி நேரத்தில் காலியாயிற்று? டீயைக்கூட எடுக்காமல் அவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் உறைத்தது. வார்டில் எந்தப் பம்பும் மேஜைமேல் படுத்திருப்பதில்லை. கம்பியில் தொங்குகிறது. மேலே பை, கீழே கட்டில் வரைக்கும் குழாய், நோயாளி புரளும்போதெல்லாம் ஒரு இழுப்பு. மறுநாள் காலையில் அதேபோல ஒரு கம்பி கொண்டுவரச் சொல்லி, பம்பை அதில் மாட்டி, குழாயை லேசாக இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டினார். கால்மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சொட்டு, கோடானது. குடுவையில் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கிற்று. பம்ப் ஒரு சத்தமும் போடவில்லை. திரையில் பச்சை எழுத்தில் பத்து, பத்து என்று காட்டிக்கொண்டே இருந்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். கதவின் கீழ்க் கீலில் மயிரிழை விரிசல். ஒரு நாளைக்கு நாலு தடவை கிருமிநாசினி போட்டுத் துடைத்துத் துடைத்து பிளாஸ்டிக் வெடித்திருக்கிறது. இழுப்பு வரும்போது கதவு இம்மி நகர்கிறது, விரல்களின் பிடி தளர்கிறது, மருந்து தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது.

பெட்டியைத் திருப்பினார். பக்கவாட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'சோதிக்கப்பட்டது. நல்ல நிலை.' மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. கீழே அவருடைய கையெழுத்து.

அந்தத் தேதி அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. மறுநாள் வெளியிலிருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. எல்லாக் கருவியிலும் இந்த வருட ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்குக் கீழே இருக்க வேண்டிய டெக்னீஷியன்கள் நாலு பேர். ஒருவர் வெளிநாடு போய்விட்டார், ஒருவர் மெஷின் விற்கிற வேலைக்குப் போய்விட்டார், அந்த இரண்டு இடமும் இரண்டு வருடமாகக் காலி. சோதிக்க வேண்டிய பம்புகள் நாற்பத்தாறு. ஒன்றுக்கு ஒரு மணி நேரம். காலையில் ஆரம்பித்துப் பதினொரு பம்ப் முடித்தார். பதினொன்றும் நன்றாக இருந்தன. மற்றவையும் அதே வருடம் வாங்கியவை, அதே மாதிரி உழைக்கிறவை, அவை மட்டும் கெட்டா போயிருக்கும் என்று மனசு சொன்னது. நாற்பத்தாறு ஸ்டிக்கரிலும் கையெழுத்துப் போட்டார். அவருடைய சொந்த நோட்டில் பதினொரு எண்கள் மட்டும் இருந்தன. இந்தப் பம்பின் எண் அதில் இல்லை.

அன்று சாயங்காலம் கணவர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றார். விஷயத்தைச் சொன்னார். கணவர் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?"

"ரெண்டு வருஷம், எட்டு மாசம்."

"அதான் சொல்றேன்."

"அந்தப் பொண்ணுக்கு இருபது வருஷம் இருக்குங்க."

 கணவர் ஷட்டரை முழுக்க இறக்கினார். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் சாவியைத் தேடும்போது, "எப்படி எழுதறதுன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

நிர்வாக அதிகாரி கெட்ட மனிதரல்ல. மெஷினம்மா எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடம், பம்ப் பழுதுன்னு எழுதுங்க. அந்த சிஸ்டர் மேல தப்பில்லன்னு எழுதுங்க. அதோட நிறுத்திக்கோங்க. ஸ்டிக்கர் கதையெல்லாம் எதுக்கு? யாரும் கேக்கப்போறதில்ல."

"இப்ப மேல எத்தனை பம்ப் ஓடிட்டிருக்குன்னு தெரியுமா சார்?"

"எத்தனை?"

"காலைல எண்ணிட்டு வந்தேன். முப்பத்தொண்ணு. அதுல எது நான் பாத்தது, எது பாக்காததுன்னு வார்டுல யாருக்கும் தெரியாது. எல்லாத்துலயும் பச்சை ஸ்டிக்கர் இருக்கு. அத்தனையும் என் கையெழுத்து. பாக்காதத எல்லாம் இப்பவே கழட்டணும்னு நான் சொன்னா, ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "உங்களத்தான் பலி போடுவாங்க," என்றார்.

"போடட்டும் சார். முதல்ல பம்பைக் கழட்டச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் விசாரணைக் குழு கூடியது. நீள மேஜை, ஏழு பேர். தலைமை மருத்துவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"எத்தனை பம்ப் சோதிச்சீங்க?"

"பதினொண்ணு."

"எத்தனைல கையெழுத்து போட்டீங்க?"

"நாப்பத்தாறு."

ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதில் ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறது என்று தனக்குப் பட்டதாக அவர் பிறகு சொன்னார், அந்த நேரத்தில்கூட. ஒருவர், "ஆள் பத்தலைன்னு நீங்க மேல எழுதியிருக்கலாமே?" என்று கேட்டார். எழுதியிருந்தார். நாலு கடிதம். நாலின் நகலும் அவர் மடிமேல் இருந்த பைலில் இருந்தன. அவர் பைலைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்: ஏன் காட்டவில்லை?

"காட்டியிருந்தா கையெழுத்து என்னோடது இல்லன்னு ஆயிடுமா?" என்றார் அவர். பிறகு, "காட்டியிருக்கலாம்தான்," என்றும் சொன்னார். "அந்த நேரத்துல வாதாட உடம்புல தெம்பில்லங்க."

சோதிக்காமல் விட்ட மற்ற முப்பத்துநாலு பம்புகளும் வார்டுகளிலிருந்து இறக்கப்பட்டன. ஆஸ்பத்திரி தவித்துப்போயிற்று. நர்ஸுகள் பழைய காலத்து வழக்கப்படி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ண வேண்டியதாயிற்று. ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் குழாயின் திருகு, காதில் அடுத்த கட்டிலின் கூப்பாடு. "எல்லாம் மெஷினம்மா புண்ணியம்," என்று அவர் காதுபடவே சொன்னார்கள். லிப்டில் அவர் ஏறினால் பேச்சு நின்றது. அவரும் இரண்டு டெக்னீஷியன்களும் கம்பியில் தொங்கவிட்டு ஒவ்வொரு பம்பாக ஓட்டினார்கள். ஒன்பது பம்புகளில் அதே கீலில் அதே விரிசல். ஒன்பதாவதைக் கண்டுபிடித்தபோது அவர் எழுந்து போய்ச் சலவைக்கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம். அந்த ஒன்பதும் கழற்றி இறக்கும் வரைக்கும் யாரோ ஒருவர் கையில் குத்தியிருந்த ஊசியோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தவை.

பஸ் ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மெஷினம்மா அவரைப் பார்க்கப் போனார். மெஷின் எதுவும் மாட்டியிராத கட்டில். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு அன்னிக்கு மருந்து அதிகமா போனதுக்கு அந்த சிஸ்டர் காரணமில்லைங்க. மெஷின் பழுது. அதப் பாத்து அனுப்ப வேண்டியவ நான். பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்து போட்டுட்டேன்."

பெரியவர் தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிரேக் பாக்காமலே வண்டிய டிப்போவ விட்டு வெளிய அனுப்பிட்டீங்க."

"ஆமாங்க."

"ம்." பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் எடுத்துட்டுப் போயிருக்கேன். பாத்தாச்சுன்னு சீட்டுல எழுதிட்டு. நம்ம நேரம், எங்கயும் இடிக்கல." அப்புறம் அவரே, "உக்காருங்க," என்றார். மெஷினம்மா உட்காராமல் வந்துவிட்டார்.

நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, பன்னிரண்டாவது நாள். வேலைக்கு வந்த முதல் நாளே அவள் கீழே இறங்கி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று டெக்னீஷியன்கள் எழுந்து வெளியே போனார்கள். அவள் உள்ளே வரவில்லை. நீராவிக் குழாய்க்குக் கீழே வாசலிலேயே நின்றாள்.

"நீங்க ஏன் அன்னிக்கே பாக்கல அக்கா?"

நேரமில்லை என்று சொல்லலாம். ஆளில்லை என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. "பாக்கலம்மா," என்றார் மெஷினம்மா.

"ஸ்கூல்ல என் பொண்ணுகிட்ட கேட்டிருக்காங்க. உங்கம்மா ஒருத்தரக் கொல்லப் பாத்தாங்களாமேன்னு. அவ வீட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டா. நான் பத்துதான் போட்டேன்னு அவகிட்டயும் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் மூன்று மாடி வரைக்கும் கேட்டது. லிப்டில் போகவில்லை.

மெஷினம்மாவுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. பிரிவின் தலைவர் பதவி போயிற்று. கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாலு ஸ்குரூவில் ஒன்று துருவேறி வராததால் கடைசியில் அவரே எழுந்து கழற்றிக்கொடுத்தார். வெளியிலிருந்து புது மேலாளர் வந்தார். மேல் மாடியில் கண்ணாடி அறை, கம்ப்யூட்டர், கழுத்தில் டை. நல்ல படிப்பாளி, மரியாதை தெரிந்தவர். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கீழே போன் செய்கிறார்.

"மேடம், மூணாவது மாடி ஸ்கேன் மெஷினுக்குப் போன தடவை யார் வந்து பாத்தாங்க?"

"மேடம், இந்த உறிஞ்சற மோட்டார தூக்கிப்போட்டுடலாமா?"

அவர் பதில் சொல்லி முடித்துப் போனை வைத்துவிட்டு, "பதவி மேல போயிடுச்சு, வேலை கீழயேதான் இருக்கு," என்பார். இதைச் சொல்லும்போது சிரிப்பார், பாதி. காலியாக இருந்த இரண்டு இடத்தில் ஒன்றை நிரப்பியிருக்கிறார்கள். அதற்காக இப்படி ஒன்று நடக்க வேண்டியிருந்ததா என்று கேட்டால், மேலே ஓடும் குழாயைப் பார்ப்பார். கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார், ஆனாலும் தூங்குவதில்லை. எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும்.

பதவி போவதற்கு முன்னால் அவர் கடைசியாக எழுதிய உத்தரவு ஒன்று இன்னும் நடப்பில் இருக்கிறது. மருந்து பம்புகளை இனிமேல் கீழே மேஜையில் வைத்துச் சோதிக்கக் கூடாது. எந்த வார்டில் ஓடுகிறதோ அந்த வார்டிலேயே, அதே கம்பியில், அதே உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் முழுக்க ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அவர்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு, பார்வையாளர்கள் வருவதற்கு முன்னால், ஏதாவது ஒரு வார்டின் மூலையில் அவரைப் பார்க்கலாம்.

போன மாதம் நாலாவது வார்டின் முறை வந்தது. அன்று பணியில் இருந்தது அந்த நர்ஸ். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மெஷினம்மா காலியாயிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியை நிறுத்தி, பம்பை மாட்டி, குழாயை இழுத்துக் கட்டி, பத்து என்று அழுத்தினார். அளவுக் குடுவையைக் கட்டில்மேல் தன் பார்வைக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு தலையணை அடுக்கி வைத்துக்கொண்டார். சொட்டு விழ ஆரம்பித்தது. நர்ஸ் மாத்திரைத் தட்டோடு ஒரு தடவை அந்தப் பக்கம் போனாள். பிளட் பிரஷர் பார்க்க ஒரு தடவை வந்தாள். எழுதும் மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள். அரை மணி ஆயிற்று. மெஷினம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு நின்றார். பார்வை குடுவையை விட்டு நகரவில்லை.

மூன்றாவது தடவை நர்ஸ் கை நிறையப் படுக்கை விரிப்புகளோடு வந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கடியில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்தாள். அது தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. மெஷினம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவள் நிற்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய் விரிப்பை உதறினாள்.

மெஷினம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் விட்டு ஸ்டூலின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, மெதுவாக உட்கார்ந்தார். பிறகு ஒரு காலால் மறு காலின் செருப்பைத் தள்ளி, அந்தக் காலால் இந்தக் காலின் செருப்பையும் தள்ளிவிட்டு, வெறும் பாதம் இரண்டையும் குளிர்ந்த தரையில் விரித்து வைத்துக்கொண்டார்.